ஆத்தோரம் அலர்ட்டுக்கு ஓர் அட்மின்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. குரோம்பேட்டையில் ரயில் நின்றபோது எதிர் சீட்டில் இருந்த பெண் போனில் சொன்னாள்: "மரியாதைக்குத்தான்டி கேட்டேன். அவர் சரின்னுட்டாரு." பல்லாவரத்தில் இறங்கிப் போய்விட்டாள். யார் அவர், எதற்குச் சரி என்றார், ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் எழுத உட்கார்ந்தேன். தெரிந்திருந்தால் வேறு வேலை பார்த்திருப்பேன்.

தொடக்கங்கள் சில:

"அடையாற்றில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் கீதாவின் மனசும்..." (வேண்டாம். ஆற்றையும் மனசையும் சேர்த்துக் கட்டாத எழுத்தாளர் யார் இருக்கிறார்?)

"கீதா, ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசை, ஒரே பையன், பத்தாம் வகுப்பு, கணவர்..." (இது ரேஷன் கார்டு விண்ணப்பம்.)

"'எனக்குச் சம்மதம்மா' என்று அரிகிருஷ்ணன் எழுதியதைப் பார்த்ததும் கீதா போனைக் கவிழ்த்து வைத்தாள்."

இது இருக்கட்டும். ஏன் கவிழ்த்தாள் என்று சொல்கிறேன்.

2

'ஆத்தோரம் அலர்ட்' ஒரு ஃபேஸ்புக் குழு. அனகாபுத்தூர், பொழிச்சலூர், பம்மல் ஆட்கள் இருக்கிறார்கள். கோடையில் காணாமல் போன நாயும், பிளம்பர் நம்பரும், கரண்ட் எப்போது வரும் என்ற புலம்பலுமாக ஓடும். ஐப்பசி பிறந்தால் அதன் முகமே மாறிவிடும். எந்தத் தெருவில் தண்ணீர், எவ்வளவு உயரம் என்று படத்தோடு போடுவார்கள். அதைப் பார்த்துத்தான் வண்டியை மேட்டில் நிறுத்துவதும், பிள்ளையை வேறு வழியாகக் கூட்டி வருவதும். யார் என்ன போட்டாலும் ஓர் அட்மின் அனுமதித்தால்தான் வெளியே தெரியும்.

அட்மின்கள் இருவர், கீதாவும் பாலுவும். பாலுவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிவிட்டது. மழைக்கு முன்னால் அந்த இடத்துக்கு ஆள் வேண்டும்.

அதற்கு ஒரு முறை உண்டு. தனக்கு வேண்டும் என்று யாரும் கேட்கக்கூடாது. ஓர் அட்மின் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் எல்லோரும் பார்க்கச் சம்மதம் சொல்ல வேண்டும். சொன்ன பெயரைத் திரும்பப் பெறலாம். ஆனால் சொன்னவரே வந்து, காரணத்தையும் எல்லோரும் படிக்க எழுத வேண்டும். விதியைப் போட்டது கீதாதான்.

(போட்டது நான்தான். அப்போது ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தோன்றியது. அவள் கழுத்தையே பிடிக்கும் என்று யோசிக்கவில்லை.)

3

அரிகிருஷ்ணன், கீதா வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர். அவர் கீழே, அவளும் பையனும் மாடியில். பழைய ஊர்க்குடும்பம். அப்பா காலத்தில் நெல் போட்ட நிலமெல்லாம் இப்போது வாடகை வீடும் விற்கிற மனையும்.

அவரிடம் ஒரு வழக்கம். எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பார். காபி கொடுத்தால் "இப்பதான் குட்ச்சேன்." கங்கையம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் தலைவர் பதவியை முதலில் அவரிடம்தான் நீட்டுவார்கள். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்து, வேறொருவரைக் கைகாட்டுவார். கேட்டவர்களுக்கும் திருப்தி, அவருக்கும் திருப்தி.

கீதா அதை நம்பினாள். முதலில் அவர் பெயரைப் போடுவது, அவர் கும்பிட்டு மறுப்பது, பிறகு, அவள் மனசில் வைத்திருந்த தோழி எப்சியின் பெயரைப் போடுவது. வீட்டுக்காரரை ஓரங்கட்டினாள் என்ற பேச்சும் வராது.

அவர் சம்மதம் சொல்லிவிட்டார். கூடவே ரோஜாப்பூ ஒன்று.

எப்சி உடனே போன் பண்ணினாள். மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை, நாள் முழுக்க நல்லது கெட்டதைப் பிரித்துப் போடுகிறவள்.

"கீதாக்கா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? போன மழையில என்ன நடந்துச்சுன்னு மறந்துட்டீங்களா?"

"மறக்கல எப்சி. வேணாம்னு சொல்லிடுவாருன்னு நெனச்சேன்."

"சொல்லலையே!"

போன மழையில் அவர்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். யாரோ படம் போட்டார்கள். அரிகிருஷ்ணன் மாடியேறி வந்து, "அத்த எடுத்துடும்மா. தண்ணி ரெண்டு நாள்ல வடிஞ்சிடும். போட்டோ வடியாது" என்றார். தெருக்கோடி மனைக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போன சமயம். கீதா எடுக்கவில்லை. வந்த ஆள் திரும்ப வரவில்லை.

இனி அவர் யாரிடமும் மாடியேறி வந்து கேட்க வேண்டியதில்லை. அவரே எடுத்துவிடலாம்.

4

அரிகிருஷ்ணனை முதலில் நான் வில்லனாகத்தான் எழுதினேன். தடித்த சங்கிலி, புல்லட், புருவத்தைத் தூக்கிப் பார்க்கிற பார்வை. இரண்டு பத்தி தேறியது. மூன்றாவதில் மனுஷன் அந்த வெள்ளத்தில் தன் கூடத்தைத் திறந்துவிட்டு, தெருவுக்கே சாம்பார் சாதம் கிளறிக்கொண்டிருந்தார். நான் கிளறச் சொல்லவில்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டேன்.

கீதா படும் பாட்டைச் சொல்ல வேண்டும். திரும்பப் பெற்றால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் ஊரே படிக்கும், அவரும் படிப்பார். அப்புறம் எந்த முகத்தோடு அவர் வீட்டு மாடியில் குடியிருப்பது? பையனுக்குப் பங்குனியில் பரீட்சை. தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு கொடுக்க எத்தனை கேள்வி கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பதில் சொல்லி அலுத்துத்தான் இந்த மாடிக்கு வந்தாள். இங்கே ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "தண்ணி மோட்டார் போடத் தெரியுமாம்மா?"

அவளுக்குப் பயமாக இருந்தது. அவர்மேல் பிரியமும் இருந்தது. இரண்டில் எது அவளைத் தடுத்தது என்று எனக்குத் தெரிந்தால்...

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. இப்படியே கிடக்கட்டும்.)

5

ஞாயிறு மதியம் கீதா கீழே இறங்கினாள். வானம் மூடிக்கொண்டிருந்தது. அரிகிருஷ்ணன் கூடத்தில் டிவியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாமா, வா. குந்து."

"அண்ணா, அந்த அட்மின் விஷயம். எப்பவும் வேணாம்னுதானே சொல்வீங்க?"

சிரித்தார். "இது வேணும்மா எனக்கு. அதான் வேணாம்னு சொல்லல."

"எதுக்குன்னு கேக்கலாமா?"

"தெரிஞ்சுகினே கேக்குற. தை மாசம் சரிதாவுக்குக் கண்ணாலம். விக்கறதுக்கு அந்தத் தெருக்கோடி மனை ஒண்ணுதான் கீது. நாளைக்கு அட்வான்ஸ் குடுக்க வராங்கோ."

மகள் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது.

"படத்த எடுத்துட்டா, தெரியாம தண்ணிக்குள்ள யாராவது வந்துடுவாங்கண்ணா."

"வாபஸ் வாங்கப் போறியா?"

அவள் தலையசைத்தாள்.

"வாங்கிக்கோ. வூட்டப் பத்தி பயப்படாத, அது வேற. ஆனா என் எதிர்லயே எழுது. இன்னா எழுதறன்னு நா பாக்கணும்."

கீதா போனை எடுத்துத் தட்டினாள்: "அரி அண்ணா நல்ல மனிதர். தெருவுக்கே சோறு போட்டவர். ஆனால்"

அந்த இடத்தில் மழை பிடித்தது. தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது.

6

இங்கிருந்து மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கீதா எழுதி முடிக்கிறாள், அவர் கும்பிட்டு விலகுகிறார். அழகாக இருந்தது, நம்பத்தான் முடியவில்லை. இன்னொன்றில் அவள் அழித்துவிட்டு மாடிக்குப் போகிறாள். நம்ப முடிந்தது, எனக்குத் தாங்கவில்லை. மூன்றாவதில் விதியைத் திருத்தி, எப்சிக்கும் அவருக்கும் ஆளுக்கொரு நாற்காலி. அது என் கோழைத்தனம். கிழித்தாயிற்று.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். மழை விடவில்லை. அவளும் அந்த ஒரு சொல்லைத் தாண்டவில்லை, அவரும் எழுந்து போகவில்லை. பொழுது சாயும்போது போன் அதிர்ந்தது. அனுமதிக்குக் காத்திருக்கும் பதிவு, ஒரு படம். அதே தெருக்கோடி, அதே மனை. முழங்காலுக்கு மேல் தண்ணீர். "சாக்கடை டிச்சு மூடி தெறந்து கெடக்கு, இந்தப் பக்கம் வராதீங்க" என்று கீழே எழுதியிருந்தார்கள்.

இருவரும் படத்தைப் பார்த்தார்கள். கீதா அவரைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த சரிதாவின் படத்தைப் பார்த்தார். பிறகு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு இருவரையும் பிடித்துப் போய்விட்டது. அப்படிப்பட்டவன் அட்மினாக இருக்கக்கூடாது. உங்களுக்கு அந்தத் தெருவில் மனையும் இல்லை, அந்த மாடியில் குடித்தனமும் இல்லை. இந்தக் கதைக்கு அட்மினாக உங்கள் பெயரைச் சொல்கிறேன். மரியாதைக்குக் கேட்கவில்லை.

சம்மதமா, சீக்கிரம் சொல்லுங்கள். ஷிப்ட் முடிந்த யாரோ ஒருவர், பைக்கில் அந்தத் தெருவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்.