விதை கொடுக்காத வீடு

தமியாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது என்ற செய்தி வந்தபோது தெக்லா மச்சில் அழுகல் தேடிக்கொண்டிருந்தாள். ஜனவரி மாதத்து மலைக்காற்று சின்ன சன்னல் வழியாக நுழைந்து, உத்தரத்தில் தொங்கிய பதினெட்டுத் தக்காளிச் சரங்களையும் லேசாக ஆட்டிவிட்டுப் போனது. ஆகஸ்டில் பாதி பழுத்தபோதே காம்போடு பறித்து, ஊசியில் நூல் கோத்து, ஒவ்வொரு காம்பாகத் தைத்துத் தொங்கவிட்டவை. ஒன்று அழுகினால் அதன் சாறு அடுத்ததன் மேல் சொட்டும், ஒரு வாரத்தில் சரமே போய்விடும். ஆகவே தினமும் ஒருமுறை ஏறி, முதலில் மோந்து, பிறகு விரலால் அமுக்கிப் பார்ப்பாள். அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. அதைக் கிள்ளியெடுத்தபோதுதான் கீழேயிருந்து கணவன் யொரென்ஸ் கத்தினான்.

தமியா அவளுடைய கொழுந்தன். இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தான். அவன் பெண்டாட்டி அப்பொலோனியாவோடு தெக்லா பேசிப் பதினொரு வருடமாகிறது.

எல்லாம் இந்த விதையால் வந்த வினைதான். அந்த மலைச்சரிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தக்காளி விதை உண்டு. ஜூன் மாதம் வரை கெடாமல் தொங்கும் கடைசிப் பழத்தை அறுத்து, அதிலிருந்து மட்டுமே அடுத்த வருடத்துக்கு விதை எடுப்பார்கள். மாமியார் சாகும்போது தன் விதையைத் துணியில் முடிந்து தெக்லாவிடம் கொடுத்தாள். ஒன்பது மாதம் மலமூத்திரம் அள்ளியவள் தெக்லா. அப்பொலோனியா ஞாயிற்றுக்கிழமை சென்ட் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனவள். கருமாதி முடிந்த கையோடு அவள் வந்து, "எங்களுக்கும் ரெண்டு விதை குடுங்கக்கா" என்று கேட்டாள். தெக்லா சொன்ன பதில் ஊர் முழுக்கத் தெரியும்: "பீ அள்ளும்போது ரெண்டு கை குறைஞ்சுது. அப்ப வந்திருக்கலாமே."

அப்பொலோனியா சந்தையில் நாற்று வாங்கி நட்டாள். பிஞ்சு விட்ட பிறகு தண்ணீரே காட்டக்கூடாத செடி இது. தாகத்தில் கிடந்தால்தான் தோல் தடித்துக் குளிர்காலம் தாங்கும். அவளுக்கோ வாடிய செடியைப் பார்க்கப் பொறுக்காது, வாளி வாளியாக ஊற்றினாள். காய் கொழுகொழுவென்று வரும், போகிறவர் வருகிறவரெல்லாம் மெச்சுவார்கள். நவம்பரில் எல்லாம் வெடித்து ஒழுகும். டிசம்பரிலிருந்து அந்த வீட்டில் ரொட்டியில் தேய்த்துத் தின்னக் கடைத் தக்காளிதான். அந்தக் கடைப் பையை அவள் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் தெக்லாவுக்கு வயிறு குளிர்ந்துவிடும். அதை அவள் மறைத்ததும் இல்லை.

இப்போது வந்தது சங்கடம். நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஒரு சரம் தக்காளி கொண்டுபோய்த் தொங்கவிடுவது அந்த ஊர் வழக்கம். புருஷனின் கூடப்பிறந்தவன் வீட்டுக்கே கொண்டுபோகாவிட்டால் ரொட்டிக்கடை வாசலில் தெக்லா தலை காட்ட முடியாது. கொண்டுபோனாலோ சரத்துக்கு முப்பது பழம், பழத்துக்கு நூறு விதை. இரண்டு நாள் தூங்காமல் யோசித்து வழி கண்டுபிடித்தாள். தானே தினமும் காலையில் ரொட்டித் துண்டில் தக்காளியைத் தோல் மட்டும் மிஞ்சும்வரை அழுத்தித் தேய்த்து, எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவி, சின்னத் துண்டுகளாக நறுக்கித் தட்டில் கொண்டுபோனாள். எண்ணெயும் உப்பும் பட்ட விதை எங்கே முளைக்கப்போகிறது?

ஊர் வாயைப் பிளந்தது. "ஜென்மப் பகையை மறந்துட்டு கொழுந்தனுக்குத் தினமும் ஊட்டப் போறாளே, மகராசி" என்று பேசினார்கள். தெக்லா அதையும் வேண்டாமென்று சொல்லவில்லை.

தமியா அடுப்போரம் நாற்காலியில் சாய்ந்திருப்பான். வலது கை செத்துக் கிடந்தது, வாய் கோணிவிட்டது. "அண்ணி" என்று கூப்பிட முயல்வான், "அ... அ..." என்பதோடு நின்றுவிடும். மருத்துவர் கொடுக்கச் சொன்ன கஞ்சியைத் துப்பிவிடுவான். அண்ணி கொண்டுவரும் ரொட்டிக்கு மட்டும்தான் வாயைத் திறந்தான்.

அப்பொலோனியா நேராகப் பேசமாட்டாள். கணவனைப் பார்த்துச் சொல்வாள்: "பாத்தீங்களா, பழத்தைக் கண்ணுல காட்டாமலே பழம் தர்றாங்க. பெரிய மனசு."

தெக்லாவும் அவனைப் பார்த்தே பதில் சொல்வாள்: "தண்ணி ஊத்தியே கெடுக்குறவங்க கையில பழம் எதுக்குத் தமியா?"

நடுவில் அவன் மென்றுகொண்டிருப்பான். நெடுநேரம் மெல்வான்.

பிப்ரவரியில் வாதுமை மரங்கள் பூத்திருந்த ஒரு காலையில், ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் பாதி வழி வந்தவளுக்கு முந்தின நாள் தட்டு நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனாள். சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தமியாவின் இடது கன்னம் உப்பியிருந்தது. அப்பொலோனியா அவன் மோவாய்க்கு அடியில் உள்ளங்கையை ஏந்திக்கொண்டிருந்தாள். அவன் உதட்டோரம் நாக்கு நுனி எட்டிப் பார்த்தது. அதன்மேல் ஒரு விதை.

"மெதுவா. பல்லு படாம. இன்னொண்ணு இருக்கா?" என்றாள் அப்பொலோனியா.

அடுப்புத் திட்டில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதில் கழுவி ஒட்டவைத்த விதைகள் வரிசையாக, ஒரு இருபது இருக்கும்.

அண்ணி என்ற ஒரு சொல்லைச் சொல்ல வராத நாக்கு, ரொட்டிச் சக்கைக்குள் துழாவி விதையைத் தனியாகப் பிரிக்கிறது! தெக்லாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "தட்டை எடுக்க வந்தேன்" என்றாள். தட்டை எடுத்தாள். மறு கையால் செய்தித்தாளையும் எடுத்தாள். அடுப்பில் போட்டாள்.

தாள் சுருண்டு எரிந்து முடிந்தது. பிறகு அப்பொலோனியா, பதினொரு வருடத்தில் முதல்முறையாக, அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"விதையைக் குடுத்துட்டுப் போன மாமி இவருக்கும் அம்மாதானே? எங்கிட்ட என்ன கோபம் வேணா இருக்கட்டும். இவரு என்ன பண்ணினாரு உனக்கு?"

"உன்னைக் கட்டினாரு" என்று சொல்லிவிட்டு தெக்லா வெளியே வந்தாள்.

மத்தியானம் சாப்பாட்டில் யொரென்ஸிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் தட்டைவிட்டு நிமிரவில்லை. "நாலு விதை, தெக்லா. மச்சுல மூட்டை கணக்கா தொங்குது. அவன் பிழைக்கிறானோ இல்லையோ."

"பிழைக்கட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்? ரொட்டி போகும். நாளைக்கும் போகும்."

"அவன் என் தம்பிடி."

"உங்கம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது அந்தத் தம்பி எங்கே இருந்தான்? நீங்க எங்கே இருந்தீங்க?"

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான். அவன் எப்போதும் அப்படித்தான், சண்டைக்கு நிற்கமாட்டான். அதற்காகவும் அவளுக்கு அவன்மேல் ஆத்திரம்.

மறுநாள் காலை மச்சுக்குப் போய் நல்ல பழமாகப் பார்த்து இரண்டு கிள்ளி வந்தாள். அறுத்து, மாவுச் சல்லடைமேல் வைத்துக் கைமுட்டியால் தேய்த்தாள். சாறும் சதையும் கீழே இறங்கின, விதை முழுக்க மேலே தங்கியது. சல்லடையைக் கோழிகளுக்கு முன்னால் உதறினாள். சாற்றை ரொட்டியில் தடவி எண்ணெய் ஊற்றினாள். வழக்கத்தைவிட எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. பார்த்தால் யாரும் குறை சொல்லமுடியாத ரொட்டி.

கதவு திறந்துதான் கிடந்தது. அப்பொலோனியா முதுகைக் காட்டிக்கொண்டு விறகு உடைத்தாள். தெக்லா நாற்காலிக்கு முன்னால் நின்று ஒரு துண்டை அவன் வாயில் வைத்தாள். தமியா மென்றான். கோணிய கன்னத்துக்குள் நாக்கு இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று. பல்லிடுக்கில் தேடியது. மறுபடியும் முதலிலிருந்து தேடியது. அப்பொலோனியா விறகைப் போட்டுவிட்டு வந்து, பழக்கத்தில், அவன் மோவாய்க்கு அடியில் கையை ஏந்தினாள். ஒன்றும் வரவில்லை. அவன் விழுங்கினான்.

தெக்லா அடுத்த துண்டை நீட்டினாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

"சாப்பிடு தமியா. நல்ல பழம்" என்றாள். தன் குரல் கெஞ்சுவதுபோல் கேட்டது அவளுக்கே பிடிக்கவில்லை.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, தட்டைப் பிடித்திருந்த அவள் வலது மணிக்கட்டைப் பார்த்தான். அப்பொலோனியாவும் பார்த்தாள். அப்புறம்தான் தெக்லா குனிந்தாள். சுருட்டிவிட்ட சட்டைக் கையின் ஓரத்தில், சல்லடைக்குத் தப்பி, மெல்லிய கூழோடு ஒரு விதை ஒட்டியிருந்தது.

கையை இடுப்பில் கட்டிய சமையல் துணிக்குள் இழுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கையில் தட்டும் மறு கையில் ரொட்டித் துண்டும் இருந்தன, கீழே வைக்க இடம் தேடவேண்டும். அப்பொலோனியாவின் உள்ளங்கை இன்னும் அவன் மோவாய்க்கு அடியில் ஏந்தியபடியே இருந்தது. அந்த விதையிலிருந்து கண்ணை எடுக்காமல் தமியா வாயைத் திறந்தான்.