கடல்நீர் ஊற்றிய தக்காளி

பேணாட்டின் சிறுநீரகம் பழுதாகிவிட்டது, சாப்பாட்டில் ஒரு கல் உப்பும் ஆகாது என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் சண்டைதான். டொக்டர்மாருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் இளவயதிலிருந்து இழுவைப் படகில் வேலை செய்தவன், கருவாடு இல்லாவிட்டால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுகிறவன், உப்பில்லாத கஞ்சியை எப்படி விழுங்குவான்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள். வீங்கிய கால்களைக் கதிரையில் நீட்டிக்கொண்டு அவன் கத்துவான். மனைவி மக்டலின் உப்புச் சாடியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள்.

வெளிநாட்டுச் சாமான்கள் வராத காலம் அது. ஆளுக்காள் வளவில் எதையாவது நட்டார்கள். மக்டலின் குசினிக்குப் பின்னால் தக்காளி நட்டிருந்தாள். மீன் விற்க வரும் ஜவாஹிர் அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னான்.

"அக்கா, கிண்ணியாவில எங்கட வளவு களப்புக் கரையோட. அந்த உவர்த் தண்ணியில காய்க்கிற தக்காளி சின்னன்தான். ஆனா ருசியெண்டா அப்பிடியொரு ருசி. உப்பே தேவையில்ல."

கடைசியாகச் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். துறைமுகத் தண்ணீரில் கப்பல் எண்ணெய் மிதக்கும். ஆகவே இறக்கக்கண்டிக் கடற்கரைக்கு மீன் எடுக்கப் போகும்போதெல்லாம் ஜவாஹிர் ஒரு கலனில் கடல்நீர் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு வாளி கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு தகரப் பேணி கடல்நீர் கலந்து அவள் ஊற்றினாள். பழங்கள் சிறுத்து, தோல் தடித்துப் பழுத்தன. அரிந்து சோற்றுக்கு மேல் வைத்தாள்.

"உப்புப் போட்டனியோ?" என்று பேணாட் கேட்டான்.

"மாதாவாணை இல்லை."

"பொய் சொல்லாத. இது உப்புப் போட்ட ருசி."

அன்றைக்குக் கோப்பை வெறுமையாகத் திரும்பி வந்தது. மக்டலின் குசினிக்குள் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. வீக்கம் வயிற்றுக்கு ஏறியது. ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"இனிப் பத்தியம் பார்க்கத் தேவையில்லை அம்மா. உப்புப் போட்டே குடுங்கோ. ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும்."

பத்தியத்தை டொக்டரே நிறுத்தச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பேணாட்டுக்கு நன்றாகவே தெரியும். அவனுடைய தகப்பனுக்கும் ஒரு டொக்டர் இப்படித்தான் சொன்னார். அடுத்த கிழமையே சவப்பெட்டி வாங்க வேண்டியதாயிற்று. கஞ்சியில் ஒரு கிள்ளு உப்புப் போட்டால் போதும், அவன் தெரிந்துகொள்வான். அவன் தெரிந்துகொள்வதை அவளால் தாங்க ஏலாது. அதற்காக வாய்க்கு ருசியில்லாமல் அவனைச் சாகவிடவும் ஏலாது.

உப்பை நான் போடமாட்டேன், செடி போடட்டும் என்று நினைத்தாள். வாளியில் பாதிக்குக் கடல்நீரை ஊற்றினாள். காலையும் மாலையும் ஊற்றினாள். கூடாதென்று தெரியாமலா? ஆசை யாரைத்தான் விட்டது.

இரண்டு மூன்று நாளில் இலைகள் ஓரம் கருகின. பூவும் பிஞ்சும் கொட்டின. மீன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஜவாஹிர் தலையில் கை வைத்தான்.

"என்னக்கா செய்து வச்சிருக்கிறியள்? இது இனித் தப்பாது."

அவள் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக இறைத்து ஊற்றிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஜவாஹிர் மேல், டொக்டர் மேல், மாதா மேல்கூட அவளுக்குக் கோபம் வந்தது. தன் மேல் வந்த கோபத்துக்குத்தான் அளவே இல்லை.

"தக்காளி எங்க?" என்று பேணாட் கேட்டான்.

"காய்க்கேல்லை."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அன்றைக்கும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. கத்தவும் இல்லை. அவன் கத்தாமல் கிடந்ததுதான் அவளைக் கொன்றது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் அலுமாரியைத் திறந்தாள். உப்பைக் கிள்ளிக் கஞ்சியில் போட்டுக் கலக்கினாள். கட்டிலில் அவனை நிமிர்த்தி இருத்தி, ஒரு கரண்டி ஊட்டினாள்.

அவன் விழுங்கினான். பிறகு அவளுடைய முகத்தையே பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"டொக்டர் சொன்னவரோ?"

அவளுக்குப் பொய் வரவில்லை.

"ஓம்," என்றாள்.

அவன் கரண்டி பிடித்திருந்த அவளுடைய கையைத் தொட்டான்.

"அப்ப இன்னும் கொஞ்சம் போடு."