கையெழுத்துப் போடும் கை

முதல் குத்து தாராளத்தின் வயிற்றில் விழுந்தது. கதவைத் திறந்து "யாரு?" என்று கேட்டதுதான் அவன் செய்த குற்றம். வந்த இருவரில் குட்டையானவன், தோள்மேலேயே தலையை ஒட்டி வைத்ததுபோல் கழுத்தே இல்லாதவன், வாயைத் திறக்காமல் கையை மட்டும் வீசினான். தாராளம் மடங்கிப்போய்ச் செருப்புகளின் மேல் விழுந்தான். பின்னால் வந்தவன் மடிப்புக் கலையாத இஸ்திரிச் சட்டைக்காரன். விழுந்து கிடந்தவனைப் பார்த்துப் பக்குவமாகத் தாண்டி, உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"லீவு நாள்ல தொந்தரவு பண்றோம், மன்னிச்சுக்கோங்க அக்கா" என்றான்.

அக்கா என்று அவன் அழைத்தது தாராளத்தின் மனைவியை. பேக்கரியில் மாவு பிசைகிறவள். மூட்டை மூட்டையாக மாவைப் புரட்டிப் புரட்டி அவள் தோளும் முன்னங்கையும் உரம் ஏறியிருந்தன. முழங்கைக்குக் கீழே அடுப்புத் தட்டு சுட்ட தழும்புகள். அவள் ஓடிவந்து புருஷனைத் தூக்கவில்லை. எதற்காக வந்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தாராளத்துக்கு வேறு பெயர் இருந்தது, அதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் பட்டறையில் அவனுக்கு வேலை. கை சுத்தமான வேலைக்காரன்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பட்டறையில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் விருந்து அவன் செலவு. எவனோ ஒருவன் மகளுக்குப் போன் வேண்டும் என்று மூக்கைச் சிந்தினால், "விடு மச்சான், நான் பாத்துக்கறேன்" என்று கார்டை எடுத்துவிடுவான். எண்ணிக் கொடுக்கிறவனுக்குக் காசு போவது உறைக்கும். தேய்க்கிறவனுக்கு எங்கே உறைக்கும்? தேய்த்ததும் மெஷின் ஒரு சத்தம் போடும், துண்டுச் சீட்டு ஒன்று நாக்கை நீட்டும், தாராளம் சுற்றி நிற்பவர்களை ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வைக்காகத்தான் அத்தனையும்.

மாதம் பிறந்தால் பில் வரும். அதில் மொத்தப் பாக்கி ஒரு பக்கம், குறைந்தபட்சம் கட்ட வேண்டியது என்று ஒரு சின்னத் தொகை இன்னொரு பக்கம். தாராளத்தின் கண்ணுக்குச் சின்னதுதான் தெரியும். "பேங்க்காரன் எவ்வளவு நல்லவன் பாரு, இவ்வளவு கட்டினாப் போதும்னு சொல்றான்" என்று பூரித்துப் போவான். மீதிக்கு வட்டி, அந்த வட்டிக்கு வட்டி என்று அது பாட்டுக்குக் குட்டி போட்டுக்கொண்டே போனது. முதல் கார்டை அடைக்க இரண்டாவது, இரண்டாவதை அடைக்க மூன்றாவது. போன் கடைக்காரன் ஒருவன், ஃபிரிட்ஜ் விற்றதுபோல் பில் போட்டுக் கார்டைத் தேய்த்து, கமிஷன் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பணமாகக் கொடுப்பான். வராத ஃபிரிட்ஜுகளை எல்லாம் அடுக்கினால் வீடு கொள்ளாது.

இத்தனைக்கும் அதே கூரையின் கீழேதான் அவளும் கடன் கட்டினாள். வீட்டுக் கடன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஒரு தவணை தவறாமல் கட்டினாள். போனஸ் வந்தால் புடவைக் கடைப் பக்கம் போகாமல் பேங்க்குக்குப் போய், "இத அசல்ல கழிச்சுக்கோங்க" என்று சொல்லிக் கட்டினாள். அப்படிக் கட்டிக் கட்டி, கெடுவுக்கு முன்பே கடன் முடிந்து, போன மாதம்தான் பத்திரம் பேங்க்கிலிருந்து வீட்டுக்கு வந்தது. பீரோவில் இருக்கிறது. இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது.

அந்தப் பத்திரத்துக்குத்தான் இப்போது, பேங்க்குகளுக்காகக் கார்டுப் பாக்கி வசூலிக்கும் இஸ்திரிச் சட்டைக்காரன் வாசனை பிடித்து வந்திருந்தான்.

"அஞ்சு கார்டு அக்கா, அஞ்சும் பல்லக் காட்டுது" என்றான். "நாங்களே ஒரு வழி சொல்றோம். எங்களுக்குத் தெரிஞ்ச கம்பெனி ஒண்ணு இருக்கு. வீட்ட வெச்சு ஒரே லோன். வட்டி கம்மி. எல்லாக் கார்டையும் அடைச்சிரலாம். நாளைக்குக் காலையில பத்திரத்தோட ரெண்டு பேரும் வந்து ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"சரிங்கண்ணே, போட்டுடறோம்" என்றான் தாராளம், தரையிலிருந்தே.

"போட மாட்டேன்" என்றாள் அவள்.

இஸ்திரி சிரித்தான். "வட்டி கம்மிக்கா. கணக்குப் போட்டுப் பாருங்க."

"கணக்கு நல்லாப் போடுவேன் தம்பி. கார்டுக் கடனுக்கு நீங்க போன்ல கத்தலாம், வாசல்ல கத்தலாம், கேஸ் போடலாம். போடுங்க, வர்றேன். மாசம் இவ்வளவுன்னு கோர்ட்டு சொன்னா கட்டறேன். ஆனா வீட்ட அடகு வெச்சுட்டா, நாலு தவணை தவறினதும் நேரா வந்து பூட்டுப் போடுவீங்க. கத்துற கடன எடுத்துக் கடிக்கிற கடனா மாத்தச் சொல்றீங்க. இவரு கை சும்மா இருக்காது. கார்டு காலியாச்சுன்னு மறுபடியும் தேய்ப்பாரு. அப்புறம் அதுவும் இருக்கும், இதுவும் இருக்கும், வீடு மட்டும் இருக்காது."

கழுத்தில்லாதவன் சுவரில் இருந்த டிவியை இரண்டு கையாலும் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தான். அதற்கு இன்னும் தவணை முடியவில்லை. அப்புறம் தாராளத்தின் தலைமுடியைப் பிடித்து, அவன் முகத்தை உடைந்த கண்ணாடிக்கு ஒரு விரற்கடை மேலே வைத்துப் பிடித்துக்கொண்டான். தாராளம் மூச்சுவிடவும் பயந்து கிடந்தான்.

"நாளைக்குக் காலையில" என்று சொல்லிவிட்டு இஸ்திரி எழுந்தான். போகும்போது நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டுத்தான் போனான்.

கதவைச் சாத்தியதும் தாராளம் கெஞ்ச ஆரம்பித்தான். காலைப் பிடித்தான், அழுதான், இனி கார்டையே தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தான். இந்தச் சத்தியம் கேட்டுக் கேட்டு அவள் காது புளித்துப் போயிருந்தது. பட்டறையில் எல்லாரும் சிரிப்பார்கள் என்றான். அவனுக்கு அதுதான் பெரிய பயம், அடிகூட அடுத்ததுதான்.

"சிரிக்கட்டுங்க" என்றாள் அவள். "நாளைக்கு நீங்களே பேங்க்குக்குப் போங்க. கார்ட நிறுத்துங்கன்னு சொல்லுங்க. பாக்கியத் தவணையா மாத்திக் குடுங்கன்னு கேளுங்க. பைக்க வித்துரலாம். எதுக்கு வட்டி ஜாஸ்தியோ அத முதல்ல அடைப்போம். நானும் கூட வர்றேன்."

"நான் போய்ப் பிச்சை கேக்கணுமா?"

"ஊருக்கெல்லாம் கடன்ல தானம் பண்ணீங்களே, அது மட்டும் என்னவாம்?"

அறைந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவள்மேல் கை நீட்டியதில்லை. நாள் முழுக்கத் தகரத்தை அடிக்கிற கை. அவள் காது ஙொய்யென்று இரைந்தது, வாயில் உப்புக் கரித்தது. ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். பயந்துபோன முகம்தான், ஆனால் கை மறுபடியும் ஓங்கியிருந்தது.

அவளுக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது! அவன் மார்பில் கையை வைத்துத் தள்ளினாள். மாவு மூட்டையைத் தள்ளும் கை. அவன் பின்னால் போய்ச் சுவரில் மோதினான், அலமாரியில் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் அவன் தலைமேல் கொட்டின. அவன் எழுந்துவந்து அவள் கழுத்தைப் பிடித்தான். அவள் முட்டியால் அவன் தொடையில் இடித்து, அவன் காதைப் பிடித்துத் திருகினாள். இத்தனை வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேர், உடைந்த கண்ணாடிமேல் செருப்பில்லாத காலோடு உருண்டு புரண்டார்கள். அக்கம்பக்கத்தில் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள், தங்கள் காதில் விழவில்லை என்று காட்டிக்கொள்ள.

"நீ ஆம்பளையாடா?" என்று கத்தினாள் அவள். அதுவரை ஒருநாளும் அவனை நீ என்று சொன்னதில்லை.

அவன் அவளை உதறிவிட்டுப் பீரோவுக்கு ஓடினான். சாவியைத் திருகித் திறந்து, துணிகளை இழுத்து வீசி, பத்திரம் இருந்த பையை எடுத்தான். அவள் பாய்ந்து பிடுங்கி, பீரோவுக்குள் இருந்த லாக்கரில் திணித்துப் பூட்டினாள். சாவியை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். இடது கையால் பீரோவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, குறுக்கே நின்று மூச்சு வாங்கினாள்.

"தள்ளு! தள்ளுடி!" அவன் கண்ணை மூடிக்கொண்டு, வெறி பிடித்தவன்போல், அவளை இடித்துத் தள்ளுவதற்காக, திறந்து கிடந்த பீரோவின் இரும்புக் கதவின்மேல் தோளைக் கொடுத்து மோத வந்தான்.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கதவு வருவது தெரிந்தது, கையை எடுக்க நேரம் இருந்தது. எடுத்தாள், இடது கையை. பூட்டை நாளைக்கு உடைப்பார்கள், பத்திரம் அவர்கள் கைக்குப் போகும், கழுத்தைப் பிடித்துப் பேனாவைத் திணித்தால் நானும் போட்டுவிடுவேன் என்பது அவளுக்கு அந்த நொடியில் தெரிந்தது. தன்மேலேயே அவளுக்கு நம்பிக்கை இல்லை, வலிக்கு யார்தான் பணிய மாட்டார்கள்? இடது கையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வலது கையை வைத்தாள்.

கதவு முழு வேகத்தில் சாத்தியது. பச்சை விறகு முறிகிற சத்தம் கேட்டது. அவள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு ரேடியோ நின்றது.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல் முறிந்திருக்கிறது, ஒன்று பழையபடி நேராகாது என்றார் டாக்டர். எப்படி ஆனது என்று நர்ஸ் கேட்டபோது, "பீரோ கதவுல மாட்டிக்கிச்சு" என்றாள். தாராளம் வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பணம் கட்டும் இடத்தில் அவன் நீட்டிய கார்டுகளை ஒவ்வொன்றாக மெஷின் துப்பியது. அவள் இடது கையால் தன் பையிலிருந்து நோட்டுகளை எடுத்துக் கட்டினாள்.

மறுநாள் காலையில் சொன்னபடி இருவரும் வந்தார்கள். முழங்கை வரை மாவுக்கட்டு போட்டிருந்ததை இஸ்திரி பார்த்தான். புருஷன் பெண்டாட்டி சண்டை அவனுக்குப் புதிதா என்ன?

"பரவாயில்லக்கா. எடது கைப் பெருவிரல உருட்டினாப் போதும்."

"உருட்டறேன் தம்பி. ஆனா உங்க பெரிய ஆபீசர் முன்னாடிதான் உருட்டுவேன். எழுதப் படிக்கத் தெரிஞ்சவ ஏன் ரேகை வெக்கிறன்னு கேப்பாரு. கட்டு எப்ப போட்டது, எதுக்குப் போட்டதுன்னு கேப்பாரு. டிவில இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொல்லுவேன். ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு. போலாமா?"

இஸ்திரி கூட்டாளியின் பக்கம் திரும்பினான். கழுத்தில்லாதவனுக்குப் பேச்சு எப்போதுமே வராது. அவன் நேராக வந்து கட்டுப் போட்ட கையைப் பிடித்து நசுக்கினான். அவள் அலறிக்கொண்டு முட்டி போட்டாள்.

இரவெல்லாம் மூலையில் பிணம்போல் உட்கார்ந்திருந்த தாராளம் எப்போது எழுந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. பட்டறைப் பையிலிருந்து சுத்தியலை எடுத்து, கழுத்தில்லாதவனின் முழங்கையில் ஒரே போடு போட்டான். கை தொங்கிப் போனது. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. "அந்தக் கையத் தொடுவியா? தொடுவியாடா?" என்று கேட்டுக்கேட்டு அடித்தான். இஸ்திரி நாற்காலியைத் தூக்கி அவன் வாயில் வீசினான். முன்பல் ஒன்று தெறித்தது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே தாராளம் அவன் சட்டையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனான். அங்கே தெருவே போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. பாதி கிழிந்த சட்டையோடு இஸ்திரி கூட்டாளியைத் தாங்கிக்கொண்டு ஓடினான். அந்த இரண்டு பேரும் மறுபடி அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அன்றைக்கே, வீங்கிய வாயோடு தாராளம் பேங்க்குப் பேங்க்காக ஏறி இறங்கினான். பல் போன வாயைப் பார்த்து, வசூலுக்கு வந்தவர்கள் செய்ததைக் கேட்டு, அதிகாரிகள் அவசர அவசரமாக உட்காரச் சொன்னார்கள். கார்டுகள் நின்றன. பாக்கி தவணைகளாக மாறியது. பைக் போனது. பட்டறையில் எவனோ விருந்து கேட்டபோது, "கடன்காரன் மச்சான் நான், நீ வாங்கிக் குடு" என்றான். அவர்கள் சிரித்தார்கள். அவன் சாகவில்லை.

அவளுடைய வேலை போய்விடாமல் இருக்க, விடியற்காலையில் பேக்கரிக்குப் போய் மாவையும் அவனே பிசைந்தான். அதை முடித்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போவான். ராத்திரி வந்து அவளுக்குத் தலை வாரிவிடுவான். வாரும்போதெல்லாம் அவன் பார்வை அந்தக் கையில் போய் நிற்கும்.

கட்டைப் பிரித்த அன்று, மோதிர விரல் வளைந்தபடியே நின்றது. அதைத் தன் உள்ளங்கையில் வைத்து அவன் தடவிக் கொடுத்தான். அப்புறம் குரல் உடைந்து கேட்டான்.

"நான் பண்ணதுக்கு மன்னிப்பே கெடையாதுன்னு தெரியும். இருந்தாலும் கேக்கறேன். மன்னிச்சிட்டியா?"

இடது கையை எடுத்ததும் வலது கையை வைத்ததும் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாவம், சொல்லிவிட்டால் இன்றைக்கு அவன் நிம்மதியாகத் தூங்குவான். ஆனால் அவள் அவனை அறிந்தவள். சின்னத் தொகையைக் கட்டிவிட்டுப் பெரிய பாக்கியை மறந்துபோகிற ஆள். கதவில் மோதியதும் அவன்தான், அறைந்ததும் அவன்தான், அதை எந்தக் கதவும் செய்யவில்லை. ஐந்து கார்டில் இரண்டுதான் அடைந்திருக்கிறது.

"இன்னும் இல்ல" என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, சீப்பை எடுத்தான்.