முன்னைக்குப் பரவாயில்லை

மேலாளர் அறைக்கு வெளியே கிடந்த நாற்காலியில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் சலவையறைக்காரி ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். முழங்கை வரை ஈரம். உட்கார்ந்தால் மெத்தை நனையும், அதற்கு வேறு பேச்சு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். கீழே ஆண்கள் அணியின் பயிற்சிச் சட்டைகளை இயந்திரத்தில் போட்டுவிட்டு வந்திருந்தாள். நின்றிருக்குமோ, வழிந்திருக்குமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பிழைக்க வந்த இந்த ஊரில், இந்தக் கூடைப்பந்துக் கழகத்தில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. பெண்கள் அணிக்கு இந்த முறை வெளிநாட்டிலிருந்து ஒருத்தியை எடுத்தார்கள். ஆறடி மூன்று அங்குலம். சலவையறை வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டுதான் முதல் நாளே அறிமுகமானாள். பேசியதைக் கேட்டதும் இவளுக்குக் கை கால் ஓடவில்லை, அத்தனை வருடம் கழித்துச் சொந்த மொழி. அன்றைக்கே ‘ஏணி’ என்று பெயர் வைத்தாள். அவளும் "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டாள்.

வந்தது வினை. ஏணிக்கு இந்த ஊர் பாஷை சுத்தமாக வராது. பயிற்சியாளர் கையைக் காலை ஆட்டிச் சொல்வதைப் பிடித்துக்கொண்டு ஆடிவிடுவாள். மற்றதற்கெல்லாம் சலவையறைக்கு ஆள் வரும், ‘வந்து கேட்டுச் சொல்லு’ என்று. துவைக்கிற சம்பளத்தில் பேச்சும் சேர்த்தி.

மூன்று வாரத்துக்கு முன்பு பயிற்சியில் எம்பிக் குதித்தவள் ஒரு காலில் இறங்கி முட்டியைத் திருகிக்கொண்டாள். நாலாம் நாள் அணி மருத்துவர் முட்டியை அமுக்கிப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டார். இவள் கேட்டுச் சொன்னாள். "முன்னைக்குப் பரவாயில்லக்கா" என்றாள் ஏணி. இவளுக்கோ கீழே ஒரு இயந்திரம் அடைத்துக்கொண்டு தரையெல்லாம் தண்ணீர். ‘பரவாயில்லை’ மட்டும் காதில் நின்றது. இந்த ஊர் பாஷையில் ‘ஒன்றுமில்லையாம்’ என்று சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு ஓடினாள்.

வலி இல்லை, ஆடலாம் என்று மருத்துவர் எழுதினார். சனிக்கிழமை ஆட்டத்தில் இறக்கினார்கள். மூன்றாம் கால்பகுதியில் கூடைக்கடியில் எம்பினாள், இறங்கும்போது முட்டிக்குள் தசைநார் அறுந்துபோனது. உடனே அறுவைச் சிகிச்சை செய்தால் அடுத்த வருடம் ஆடலாம். ஆட்டத்தில் பட்ட அடி என்றால் கழகம் செய்தாக வேண்டும். கழகமோ, வலியை மறைத்து ஏமாற்றி இறங்கினாள், ஒப்பந்தம் செல்லாது, ஊருக்குப் போகட்டும் என்றது. ஊரில் அவள் அப்பா வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர். அங்கே போனால் இந்தக் கால் இப்படியே கிடக்க வேண்டியதுதான்.

இன்று காலையில் இவள் விடுதிக்குப் போய்ப் பார்த்தாள். கட்டிலுக்கு வெளியே ஒரு முழம் கால் நீட்டிக்கொண்டிருந்தது, முட்டி பூசணிக்காய் மாதிரி.

"நான் வெறும் பரவாயில்லைன்னா சொன்னேன்? முன்னைக்குன்னு சொன்னேன்லக்கா."

"அந்த ‘முன்னைக்கு’வைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி? பந்துக்கு மட்டும் கூரையத் தொடுற, வாயத் தொறக்கணும்னா உனக்கு நோவுது."

சொன்ன பிறகு தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. ஏணி சிரித்தாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

நேராக மருத்துவரிடம் போனாள். எனக்கு உங்கள் மொழி தெரியாது, நீ சொன்னதை எழுதினேன் என்றார் அவர். மேலாளரிடம் போகச் சொன்னார்.

ஒருவழியாக இப்போது அந்த அறைக் கதவு திறந்தது. வாசலிலேயே நிறுத்திக் கேட்டார் மேலாளர். தப்பு தன்னுடையது, வலி குறைந்திருக்கிறது என்றுதான் அவள் சொன்னாள், வலி இல்லை என்று சொல்லவே இல்லை என்று இவள் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னாள். அவர் பணியாளர் பட்டியலைத் திருப்பினார். நீ சலவையில் இருக்கிறாய், மொழிபெயர்ப்பைத் திருத்த அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார். அப்படியானால் அன்றைக்கு என்னிடம் எதற்குக் கையெழுத்து வாங்கினீர்கள் என்று கேட்டாள். அது சாட்சிக் கையெழுத்தாம். வலி இல்லை என்று அவள் சொன்னதற்கு இவள்தான் சாட்சியாம். சரி, அந்தச் சாட்சியே இப்போது மாற்றிச் சொல்கிறேனே என்றாள். சாட்சி மாற்றிச் சொன்னால் அது பொய்ச் சாட்சி, வேலைக்கே ஆபத்து என்று நல்ல பிள்ளையாகப் புத்தி சொன்னார்.

சுவரோடு பேசியிருக்கலாம். கீழே இறங்கினால் இயந்திரம் நின்று, சட்டைகள் நுரையோடு ஊறிக்கொண்டிருந்தன. கையாலேயே பிழிந்தாள். ஒவ்வொரு சட்டையும் மேலாளரின் கழுத்தாகத் தெரிந்தது.

நாலு மணிக்கு மறுபடி மேலே கூப்பிட்டார்கள். மனசு கேட்காமல் இறங்கி வந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு படியில் கிட்டத்தட்ட ஓடினாள்.

ஏணி உட்கார்ந்திருந்தாள், கால் எதிர் நாற்காலியில். மேசையில் ஒரு காகிதம். மேலாளர் இந்த முறை எழுந்து நின்று இவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அவளுக்குப் புரியும்படி நிதானமாகப் படித்துச் சொல்லுங்கள் என்றார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ‘ங்கள்’.

படித்தாள். பழைய காயத்தை மறைத்ததை ஒப்புக்கொண்டு, சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன், கழகத்திடம் எதுவும் கேட்க மாட்டேன். அடியில் மூன்று கோடுகள். ஒன்று ஏணிக்கு, ஒன்று மேலாளருக்கு. மூன்றாவதன் கீழே இவளுடைய முழுப் பெயர், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல். பெயருக்குக் கீழே, ‘அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர்’.

"என்னக்கா எழுதியிருக்கு?" என்றாள் ஏணி.

மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றி அந்த மூன்றாவது கோட்டின் மேல் வைத்தார். காகிதத்தில் அச்சு இயந்திரத்தின் சூடு இன்னும் ஆறவில்லை.