பளபளவென்று துடைத்த புராசஸர்

"அழுக்கத் தொடைச்சது ஒரு குத்தமா?"

"அது அழுக்கு இல்ல அத்தான், பேஸ்ட்டு! ஒங்கள யாரு கூலரக் கழட்டச் சொன்னா?"

அறந்தாங்கியில் எங்கள் தெருவுக்கே கேட்டது. ஒட்டுக் கேட்டோம் என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான்.

கத்தியவள் பக்கத்து வீட்டு அமுதவல்லியின் மகள் சுடர்விழி. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். வாங்கிக் கட்டிக்கொண்டவன் அமுதவல்லியின் அண்ணன் மகன் நிலவழகன், பம்புசெட் மெக்கானிக். அவனுக்குத்தான் இவள் என்று பேச்சு. பேசியவர்கள் பெரியவர்கள், சுடர்விழியை யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை.

ஆயுதபூஜைக்கு ஸ்பேனர்களைத் துடைத்த கையோடு அவள் கம்ப்யூட்டரையும் பிரித்திருக்கிறான். புராசஸருக்கும் மேலே உட்காரும் கூலருக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்து மாட்டி, பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டான். சூட்டைக் கூலருக்குக் கடத்துவதே அந்தப் பேஸ்ட்தான். பூஜை முடிந்து வேலைக்கு உட்கார்ந்தால், கம்ப்யூட்டர் கொதித்துக் கொதித்து அணைந்தது. சரியாகாவிட்டால் சென்னைக்கே வந்துவிடு என்றது கம்பெனி.

"மாப்ளய இப்புடியாடி பேசுவ? ஒன் நல்லதுக்குத்தானே செஞ்சுச்சு" என்றாள் அமுதவல்லி.

"அப்ப மெட்ராசுக்கு நீ போறியாம்மா?"

"கடையில கிரீஸ் இருக்கு, பூசிப் பாப்பமா?" என்றான் நிலவழகன்.

அதற்கு அவள் சொன்ன பதிலை எழுத முடியாது.

மறுநாள் புதுக்கோட்டை போய் அந்தப் பேஸ்ட்டில் ஒரு டியூப் வாங்கி வந்தாள். பட்டாணி அளவு நடுவில் வைத்து, கூலரை அழுத்தி, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி முடுக்கினாள். சாயங்காலம் வரை அணையவில்லை. அமுதவல்லி சந்தோஷத்தில் எங்களுக்கும் கேசரி கொடுத்தாள். "இனி எங்கிட்டும் போக வேணாம். தையிலயே முகூர்த்தம் பாத்துருவோம்."

அடுத்த நாள் காலை சுடர்விழி கம்பெனியோடு பேசியது ஜன்னல் வழியே வந்தது.

"இல்ல சார், ரெடியாகல. அணைஞ்சுக்கிட்டேதான் இருக்கு. நேர்லயே வந்துர்றேன்."

பேசிக்கொண்டிருந்ததே அந்தக் கம்ப்யூட்டரில்தான்.

அமுதவல்லியிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. மற்ற வீடுகளில்தான் சொன்னோம். சுடர்விழி சென்னை போனாள். அங்கேயே கூட வேலை பார்க்கும் செம்மல் என்பவனைக் கட்டிக்கொண்டாள். நிலவழகனுக்கு இலுப்பூர் கார்த்திகா வாய்த்தாள். ஆயுதபூஜை வந்தால் மிக்சியைத் தூக்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறாளாம்.