ஏழும் பதினேழும்

ஒன்பதாம் இடம் யாருக்கு, பத்தாம் இடம் யாருக்கு என்று தீர்மானிக்கும் ஆட்டத்தைப் பார்க்க எவன் வருவான்? இருபத்தோரு வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கான உலக ஹாக்கிப் போட்டி என்று வாசலில் பெரிய தட்டி கட்டியிருந்தார்கள். உள்ளே பத்துப் பதினைந்து பேர் வெயிலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் எங்களைக் கூட்டிவந்த பஸ் டிரைவர்கள்.

நான் மைதானத்தின் ஓரத்தில், நடு மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஊரில் நான் பி.டி. டீச்சர்; இங்கே நேரம் பார்க்கும் அதிகாரி. பேர்தான் அதிகாரி. அட்டை வாங்கி வெளியே வருகிற பையன்களை மேசைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நேரம் முடிந்ததும் எழுப்பி அனுப்ப வேண்டும். பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடம், மஞ்சளுக்கு ஐந்து. வகுப்பில் பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்துகிற அதே உத்தியோகம்தான், விமான டிக்கெட் மட்டும் கூடுதல்.

பதினோராவது நாள், எனக்குப் பதினாறாவது ஆட்டம். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. காலையில் வீட்டுக்காரர் போன் செய்து, குக்கர் கேஸ்கெட் எங்கே என்று கேட்டார். இத்தனை நாள் அது இல்லாமல் என்ன சமைத்தார் என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. இரண்டாவது தட்டில் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். இருக்கிறதா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு ஒரே காரணம், அடுத்த வருடம் நடக்கப்போகிற பெரியவர்களின் உலகப் போட்டி. அதற்கான மேசை அதிகாரிகள் பட்டியலில் என் பெயரும் இருப்பதாகத் தலைமை அதிகாரி முந்தாநாள்தான் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடமாக இந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகத்தான் லீவு போட்டுப் போட்டு ஹெட்மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"ஒரு தப்பும் இல்லாம இதை முடிச்சுக் குடுங்க டீச்சர். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

சிவப்புக்கும் நீலத்துக்கும் ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. எட்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது சிவப்பு அணியின் பதினேழாம் நம்பர் ஒருவனை மட்டையால் தடுக்கி விழவைத்துவிட்டு மஞ்சள் அட்டையோடு வந்து உட்கார்ந்தான். அடுத்த நிமிடமே அதே அணியின் ஏழாம் நம்பர் நடுவரிடம் வாய்கொடுத்துப் பச்சை வாங்கிக்கொண்டு வந்தான். வந்தவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். என் கழுத்தில் இரண்டு ஸ்டாப்வாட்ச், ஆளுக்கு ஒன்று.

ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தபோது பச்சைக்கான வாட்ச் கத்தியது. நம்பரைச் சொல்லி, போகலாம் என்றேன். ஒரு சிவப்புச் சட்டை எழுந்து உள்ளே ஓடியது. எது ஓடுகிறது என்று பார்ப்பதற்குத்தான் என்னை அங்கே உட்காரவைத்திருக்கிறார்கள். நானோ கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிடத்தில் சிவப்பு கோல் போட்டது. என் பக்கத்தில் கோல் கணக்கு எழுதுகிறவர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லோருக்கும் அவர் போஸ்ட்மாஸ்டர். "கோல், சிவப்பு, பதினே..." என்று சொல்லிக்கொண்டே எழுதியவரின் பேனா நின்றது.

"டீச்சர், பதினேழு இங்கதானே இருக்கணும்?"

நாற்காலியில் இருந்த துண்டைத் தூக்கினேன். உள்ளே ஏழாம் நம்பர், கண் சொருகிப்போய்க் கிடந்தான்.

"முடிஞ்சிருச்சா மேடம்?" என்றான்.

ஹார்னை அழுத்தி நான் ஆட்டத்தை நிறுத்துவதற்குள் நீலம் நடுவிலிருந்து பந்தை எடுத்து ஆடத் தொடங்கியிருந்தது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் ஊதிய கோல் ஊதியதுதான். பதினேழைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து என்ன பிரயோசனம்? இரண்டுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. நீல அணியின் பயிற்சியாளர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

விசாரணை நடந்த அறையில் வலைகளையும் கூம்புகளையும் போட்டு வைத்திருந்தார்கள். ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீருக்கு ஒரு வாளி. தலைமை அதிகாரியும் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஆட்டத்தோட முடிவு மாறாது. ஆனா இவன் தெரிஞ்சே உள்ள போனானா, இல்ல மேசையில இருந்து அனுப்பினாங்களா? அது எனக்கு எழுத்துல வேணும்" என்றார். தெரிந்தே போயிருந்தால் ஒரு வருடத் தடை. அடுத்த மாதம் பெரியவர்கள் அணியின் முகாமுக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அதுவும் அதோடு போகும்.

பதினேழாம் நம்பர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். முழங்கால் சிராய்ப்பில் ரத்தம் காய்ந்திருந்தது. "மேடம் பதினேழுன்னு சொன்னாங்க சார். அதான் எந்திரிச்சேன்."

"டீச்சர் ஏழுன்னுதான் சொன்னாங்க. என் காதால கேட்டேன்" என்றார் போஸ்ட்மாஸ்டர். அந்தக் காதில் அப்போது வாக்கிடாக்கி இருந்தது. என் மேல் உள்ள பிரியத்தில் அளக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

தலைமை அதிகாரி இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இல்லை. இதைவிடக் கேவலம் உண்டா? ஏழு என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் மூன்று நிமிடம் முன்னால்தான் "பதினேழு, உக்காரு" என்று அதட்டியிருந்தேன். அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ. களைத்துப்போன வாயில் இரண்டுக்கும் வால் ஒன்றுதான். பாதி வார்த்தையை முழுங்கினேனா, பாதி வார்த்தையைச் சேர்த்தேனா?

"ஞாபகமில்ல சார்."

"அப்படி எழுதினா ரெண்டு பேர் தலையும் உருளும். ஏழுன்னு சொன்னதா எழுதுங்க. போஸ்ட்மாஸ்டர் சாட்சி இருக்கார். உங்க பேரு பட்டியல்ல அப்படியே இருக்கும்." காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கெட்டவர் இல்லை. அவருக்கும் அறைக்குப் போய்ப் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாளியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. பட்டியலில் பேர் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் இருக்கிறது. அவனுக்கு இருபது. ஒரு வருடம் வெளியே உட்கார்ந்தால், அவன் இடத்தில் வேறொருத்தன் ஆடிக்கொண்டிருப்பான். நிச்சயமாகத் தெரியாத ஒன்றை எழுதி ஒரு பையனின் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. 'பதினேழு என்று நான்தான் சொன்னேன். தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தியாகமும் இல்லை, மண்ணும் இல்லை. போட்டு முடித்ததும் பேனாவை மூடி வைத்தேன். பன்னிரண்டு வருடம்.

தலைமை அதிகாரி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை மடித்தார். "பாவம் பாத்துட்டீங்க. சரி, உங்க இஷ்டம்" என்றார்.

வெளியே நடைபாதையில் பதினேழு மட்டும் நின்றுகொண்டிருந்தான். பையைத் தோளில் மாட்டியிருந்தான்.

"என்ன எழுதினீங்க மேடம்?"

"நான்தான் தப்பா சொன்னேன்னு எழுதிட்டேன். ஒனக்கு ஒண்ணும் வராது. போப்பா."

அவன் போகவில்லை. கீழே பார்த்துக்கொண்டு, "ஏழுன்னுதான் மேடம் சொன்னீங்க. நல்லாவே கேட்டுச்சு. அவன் துண்டைப் போட்டுட்டுக் கெடந்தான். நீங்களும் பாக்கல. அதான் எந்திரிச்சுட்டேன்" என்றான்.

எனக்கு ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. பிறகு அதற்கும் கை எழவில்லை. "இதை உள்ள சொல்றதுக்கென்ன?"

"பயமா இருந்துச்சு."

கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. காகிதம் இன்னும் அவருடைய மேசைமேல்தான் இருக்கும்.

"இப்ப போய்ச் சொல்லட்டுமா மேடம்?" என்று என் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டுமாம். அதையும் என் வாயாலேயே வாங்கிக்கொண்டு நிம்மதியாக பஸ் ஏறப் பார்க்கிறான்.

"அதை ஏன் தம்பி என்கிட்ட கேக்கற?" என்றேன். "இன்னிக்கு நான் சொன்னதைக் கேட்டா நீ எந்திரிச்ச?"

அவனைத் தாண்டி நடந்தேன். முட்டி இரண்டும் வலித்தன. பின்னால் கதவைத் தட்டும் சத்தம் வருகிறதா என்று படிக்கட்டுவரை காதைத் தீட்டிக்கொண்டே போனேன். முதல் படியில் காலை வைத்து, ஷூ லேஸைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தேன்.

சத்தம் எதுவும் வரவில்லை. இறங்கிவிட்டேன்.