துளை போடக் கூடாத ஊர்

1974-ஆம் ஆண்டு நவம்பரில் தோத்கோல் ஊர் ஒரு படி அளவுக்கு மூழ்கியது. தாக் சங்பே தன் கொல்லையில் கிணறு வெட்டி முடித்த மறுநாள், ஆற்றங்கரை மண்டபத்தின் கடைசிப் படி தண்ணீருக்குள் போயிருந்தது. படகில் ஓட்டை போட்டால் படகு இறங்காமல் என்ன செய்யும் என்றார்கள் ஊரார். மலைகளுக்கு நடுவே இருந்த அந்த நாற்பத்தேழு வீடுகளும் வயல்களும் சேர்ந்து ஒரு படகு என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதன்முதலில் வந்து குடியேறியவர்கள் மலைமேல் நின்று பார்த்து, கீழே கிடப்பது படகு என்று கண்டு, முனையில் மரம் வைத்து, நடுவில் கற்களைக் குவித்துப் பாய்மரக் கம்பம் நட்டு, இங்கே எவனும் கிணறு தோண்டக் கூடாது என்று சொல்லிவைத்தார்கள். குடிதண்ணீருக்கு மேட்டு ஓடைக்குத்தான் போக வேண்டும். அதாவது, பெண்கள் போக வேண்டும். விதி போட்டவர்களில் குடம் சுமந்தவர் ஒருவர்கூட இல்லை.

சங்பேயின் மனைவி புன்னியே அந்த ஆண்டு பிப்ரவரியில், தலையில் குடத்தோடு உறைபனியில் சறுக்கி விழுந்தார். வயிற்றில் ஐந்து மாதம். குடமும் போயிற்று, பிள்ளையும் போயிற்று. பனி உருகியதும் சங்பே மண்வெட்டியை எடுத்தார். ஒற்றை ஆளாகத் தோண்டி முடிக்க நவம்பர் ஆயிற்று. அதுவரை தடுத்துப் பார்த்த ஊர் அதன்பின் அவரோடு பேசவில்லை; அந்தக் கிணற்றில் ஒரு சொட்டுக் குடிக்கவுமில்லை. இருபத்திரண்டு வருஷம் அப்படியே போனது. கீழே அணை கட்டப் போகிறார்கள், ஊர் எப்படியும் தண்ணீருக்குள் போகப்போகிறது என்று சொல்லிச் சொல்லியே மாவட்ட நிர்வாகம் அத்தனை வருஷமும் குழாய் போடாமல் காலத்தை ஓட்டியது.

அணை ஒருவழியாக எழுந்த 1996-இல் பியோ மியோங்ஹீ வந்து சேர்ந்தாள். தேஜோன் நகரத்து நிலவடிவமைப்பாளர், முப்பத்து நான்கு வயது, கழுத்தில் அளவு நாடா. மூழ்கப்போகும் ஊருக்கு மலைமேல் நினைவுப் பூங்கா வரையச் சொல்லி நிர்வாகம் அனுப்பியிருந்தது. ஊர்ப்பெயர் வெட்டிய கல், மண்டபத்தின் நகல், உட்கார நாலு பெஞ்சு. அவள் அளக்க ஆரம்பித்த நாளிலிருந்து கணக்கு உதைத்தது. காலையில் சமமாக இருந்த தரை மதியம் இரண்டு விரல் சாய்ந்தது. கருவியில்தான் கோளாறு என்று இரண்டு முறை தேஜோனுக்கு அனுப்பிப் பழுது பார்த்தாள். மூன்றாம் முறை, ஊரின் கிழக்குக் கோடியில் ஒருவரின் அறுபதாம் பிறந்தநாள் விருந்து நடந்துகொண்டிருக்க, ரசமட்டத்தின் குமிழி ஓரத்துக்கு ஓடி நின்றது. ஊர்த்தலைவி ஓக் குன்யே தன் உழவு வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“அக்கா, உங்க ஊரு சாயுது.”

“சாயாம? பாதி ஊரு அங்க உக்காந்து பன்னிக்கறி தின்னுட்டிருக்கு. குண்டா ரெண்டு பேரை இந்தப் பக்கம் வரச் சொல்லு, சரியாயிடும்.”

இரண்டு பேர் ஏப்பம் விட்டபடி வந்தார்கள். குமிழி நடுவுக்கு வந்தது. மியோங்ஹீ நினைவுப் பூங்காவின் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். “உயிரோட இருக்கிற ஊருக்கு நான் கல்லறை வரைய மாட்டேன் சார்” என்றாள். வேறு என்ன வரைவதாக உத்தேசம் என்று அதிகாரி நக்கலாகக் கேட்டார். “படகு” என்றாள் இவள். மாலைக்குள் வேலை போய்விட்டது. மறுநாள் குன்யே வீட்டு மாடியறைக்கு மூட்டை முடிச்சோடு குடிவந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஊரை ஆட்களோடு சேர்ந்து நடந்தே வரைந்தாள். விளிம்பு நெடுக நாணல், அலை வந்தால் அதில் மோதி அடங்க. முனையில் ஆற்றுப்பூவரசும் வில்லோ மரங்களும், வேர்கள் மண்ணைக் கவ்விப் பிடிக்க. தவளைகள் வயலிலிருந்து மேடேறும் தடத்தில் கல் பதிக்கக் கூடாது என்று ஒரு கிழவர் அடம்பிடித்தார். அதுவும் படத்தில் ஏறியது. கிழக்கே மாட்டுக்கொட்டகைகள் கனம் என்பதால் கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகள் எல்லாம் மேற்கே போக வேண்டும் என்றபோது பெரிய ரகளை. என் ஜாடி என் வாசலைத் தாண்டாது என்று பெண்கள் வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் மாடுகளை நகர்த்தினார்கள். கூட்டம் ஒவ்வொன்றும் சண்டையில்தான் முடிந்தது, ஆனால் மறுநாள் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். மாவட்டத்திலிருந்து வெளியேறச் சொல்லி வந்த கடிதங்களை அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொண்டார்கள்.

மிச்சமிருந்தது கிணறு. அதை அடைக்காவிட்டால் இத்தனை பாடும் வீண். தண்ணீர் வரும் அன்றே ஊர் மொத்தமும் உள்ளே போய்விடும். குன்யே ஊரைத் திரட்டிக்கொண்டு சங்பே வீட்டு வாசலில் நின்றார். உள்ளேயிருந்து சங்பேயின் குரல் மட்டும் வந்தது.

“இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டு வாசப்படி தெரியல. இப்ப உசுருக்குப் பயம் வந்ததும் தெரியுதாக்கும்? முழுகுங்க. நானும் சேந்தே முழுகுறேன், போங்க!”

நியாயம்தானே? கூட்டம் வாசலிலேயே நின்றது. மியோங்ஹீ மட்டும் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அங்கே புன்னியே முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கிணற்றைப் பற்றி அவரிடம் அதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“நீங்க சொல்லுங்க அக்கா. என்ன செய்யலாம்?”

புன்னியே கையை உதறிவிட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். “இது எம்புருஷன் எனக்காகத் தோண்டுனது. நாப்பத்தாறு வீடும் வந்து ஆளுக்கொரு கிண்ணம் குடிச்சிட்டுப் போங்க. அப்புறம் மூடிக்கலாம். ஆனா ஒண்ணு, இனி நான் குடம் தூக்க மாட்டேன். எந்தப் பொம்பளையும் தூக்க மாட்டா. அதையும் இவ படத்துல எழுதட்டும்.”

மியோங்ஹீ அங்கேயே, சுவரில் தாளை வைத்து, மேட்டு ஓடையிலிருந்து ஒவ்வொரு சமையலறைக்கும் வாய்க்கால் ஒன்றை வரைந்தாள். இது இத்தனை நூறு வருஷமாக ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று குன்யே கேட்டார். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் கிண்ணங்களோடு வரிசை நின்றது. முதலில் குடித்தது குன்யே. குடித்துவிட்டு வெறும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “இனிப்பா இருக்குல்ல?” என்றார் சங்பே விறைப்பாக. “இருக்கு” என்றார் குன்யே. “சனியன், நல்லாத்தான் இருக்கு. மன்னிச்சிடுண்ணே.” சங்பே முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. இரண்டு நாளில் கிணறு அடி தெரிய வற்றியது. களிமண், கரி, உப்பு என்று மாறி மாறிக் கொட்டி, நாற்பத்தேழு வீட்டுக் கால்களும் மிதித்து இறுக்கின. அடைத்த மூன்றாம் நாள் காலை மண்டபத்தின் கடைசிப் படி பாசியோடு ஆற்றை விட்டு வெளியே வந்திருந்தது.

1997 ஜூனில் அணையின் மதகுகளை மூடினார்கள். தண்ணீர் ஒன்பது நாள் ஏறியது. பத்தாம் நாள் மதியம் நாணலை நனைத்தது. பிறகு ஊர் எழுந்தது. அலமாரிகளில் கிண்ணங்கள் சலசலத்தன, ஒரு நாய் வாந்தி எடுத்தது, மற்றபடி சேதமில்லை. ஒலிபெருக்கியோடு படகில் வந்த அதிகாரி, மண்டபத்தின் ஏழு படிகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடி எண்ணினார்.

“அம்மா! இந்த ஊரு இப்ப வரைபடத்துலயே இல்ல! எல்லாரும் வெளியேறுங்க!”

“வரைபடத்துல இல்லாதவங்களை எப்பிடிய்யா வெளியேத்துவ?” என்று கத்தினார் குன்யே. “கயித்தைக் கட்டிட்டு வந்து சாப்பிடு. மேக்குப் பக்கமா உக்காரு, மாடு மாத்துனதுல கிழக்கே கனம் குறைஞ்சு போச்சா கூடிப்போச்சான்னு எங்களுக்கே இன்னும் தெரியல.”

அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். குமிழி நடுவில் நின்றது. அதற்கடுத்த ஆண்டு தபால்காரருக்கு ஒரு படகு கொடுத்தார்கள். ஊர் எந்த இலாகாவில் வரும் என்பதைப் பற்றிய கோப்பு பதினோரு வருஷம் சுற்றி, நிலவரித் துறைக்கும் கப்பல் துறைக்கும் நடுவில் ஒரு மேசையில் தங்கிவிட்டது. பிள்ளை பிறந்தால் மறுபக்கம் ஒரு கல் வைப்பதும், யாராவது இறந்தால் ஒரு கல் எடுப்பதும் மியோங்ஹீயின் பொறுப்பாயிற்று.

ஊர் எழுந்த அந்த மதியம் அவளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. மேட்டு ஓடையிலிருந்து சமையலறைகளுக்கு வெட்டியிருந்த வாய்க்கால் அறுந்து, ஓடைத் தண்ணீர் வெட்டவெளியில் ஏரிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. ஊர் மிதக்கும் என்று நம்பி எல்லாம் வரைந்தவள், மிதந்தால் வாய்க்கால் அறும் என்பதை யோசிக்கவில்லை. சங்பே வீட்டுக் கொல்லைப்பக்கம் போய், தலையைக் குனிந்துகொண்டு, “மன்னிச்சிடுங்க அக்கா, உங்களுக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்த முடியல” என்றாள்.

புன்னியே பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். ஏரி அவர் கால் விரலைத் தொட்டுக்கொண்டிருந்தது. குனிந்து ஒரு சுரைக்குடுவைத் தண்ணீர் மொண்டார்.

“எத்தனை வருஷம் நான் அதுகிட்டப் போயிருப்பேன்” என்றார். “இன்னிக்கு அது வந்திருக்கு. இரு, அரிசி களையறேன்.”